ப்ளாங்க் எதுக்கு வைக்கிறோம்?

கேள்வி: எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம் படிக்கிறேன். யுவி மெஷின்ல சாம்பிளை வைப்பேன், பட்டனை அமுக்குவேன், கிராஃப் வரும், ரெக்கார்டுல ஒட்டிடுவேன், அவ்ளோதான். போன வைவாவுல "ப்ளாங்க் எதுக்கும்மா வைக்கிற?"ன்னு கேட்டாங்க, "அப்படித்தான் வைக்கச் சொன்னாங்க சார்"னு சொல்லிட்டேன், ரூமே சிரிச்சுது. மெஷினைப் புரிஞ்சுக்கிட்டு யூஸ் பண்ண எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? (பேர் போட வேண்டாம்)

பதில்: சிரிச்சவங்களைத் தனியா கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டா பாதிப்பேர் முழிப்பாங்கம்மா, அதை விடுங்க. அந்த ப்ளாங்க்லேர்ந்தே ஆரம்பிப்போம். யுவி மெஷின் அப்சார்பன்ஸை, அதாவது கரைசல் எவ்வளவு வெளிச்சத்தை உறிஞ்சுதுங்கிறதை, நேரா அளக்கிறதே இல்ல, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் டிடெக்டர்ல எவ்வளவு வெளிச்சம் விழுதுங்கிறது மட்டும்தான். வெறும் சால்வென்ட் (அதுதான் ப்ளாங்க்) வச்சு ஒரு தடவை, சாம்பிள் வச்சு ஒரு தடவை, ரெண்டையும் வகுத்து லாக் எடுத்து ஒரு நம்பரைக் காட்டுது. அப்போ ப்ளாங்க்ங்கிறது ஏதோ சடங்கு இல்ல, அளவுல சரிபாதியே அதுதான், அது தப்பாப் போச்சுன்னா அதுக்கப்புறம் வர்ற எல்லா ரீடிங்கும் தப்பு.

இன்னொண்ணு. அப்சார்பன்ஸ் 1-ன்னா வெளிச்சத்துல 10 சதவீதம்தான் அந்தப் பக்கம் போகுது, 2-ன்னா 1 சதவீதம், 3-ன்னா ஆயிரத்துல ஒரு பங்கு. மெஷினுக்குள்ள எங்கேயோ பட்டுத் தெறிச்சு வேண்டாத வெளிச்சம் ஒரு சதவீதம் டிடெக்டருக்கு வந்துச்சுன்னு வைங்க, நீங்க எவ்வளவு கெட்டியான கரைசலை ஊத்தினாலும் ரீடிங் 2-க்குப் பக்கத்துல போய் நின்னுடும். மெஷின் "எனக்கு முடியல"ன்னு சொல்லாது, கூசாம ஒரு நம்பரைக் காட்டிக்கிட்டே இருக்கும், அதுதான் இதுல பெரிய ஆபத்து. அதனால ஒரு நாள் பர்மாங்கனேட் கரைசலைக் கெட்டியாப் போட்டுப் பாதி, பாதியில பாதின்னு நீர்க்க வச்சுக்கிட்டே போய் 525 நானோமீட்டர் பக்கம் ரீடிங் எடுங்க. செறிவுக்கு எதிரா வரைஞ்சா கீழே நேர்கோடா இருக்கும், மேலே ஒரு இடத்துல வளைய ஆரம்பிக்கும், அந்த இடம் உங்க லேப் மெஷினோட எல்லை. பாடப்புத்தகத்துல இருக்கிற நேர்கோட்டை வச்சு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அப்புறம் வேணும்னே தப்பு பண்ணிப் பாருங்க (லேப் அசிஸ்டன்ட்கிட்ட சொல்லிட்டுத்தான்). கியூவெட்ல (சாம்பிள் ஊத்துற சின்ன சதுரக் குப்பி) சொரசொரப்பான பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரா திருப்பி வைங்க, கை ரேகையோட வைங்க. கியூவெட் இல்லாம ப்ளாங்க் எடுத்துட்டு பிளாஸ்டிக் கியூவெட்ல தண்ணியை ஊத்தி 400-லேர்ந்து 200 வரைக்கும் ஸ்கேன் போட்டா, 300-க்குக் கீழே கிராஃப் சுவர் மாதிரி எழும்பும், அதே தண்ணியை குவார்ட்ஸ்ல ஊத்தினா அப்படி வராது. ஒரு தடவை பார்த்தாச்சுன்னா அப்புறம் உங்க சாம்பிள்ல அப்படி ஒரு மேடு வந்தா "புது காம்பவுண்ட்"னு குதிக்க மாட்டீங்க. நான் குதிச்சிருக்கேன், ஐ.ஆர்.ல (அகச்சிவப்பு வெளிச்சத்தை வச்சு அளக்கிற மெஷின்). 2350 செ.மீ.⁻¹ பக்கம் ஒரு பீக் வந்துச்சு, நைட்ரைலா இருக்குமோ, இல்லையே அது 2250 பக்கம்தானேன்னு மத்தியானம் பூரா மண்டையை உடைச்சுக்கிட்டேன், கடைசியில பார்த்தா சாம்பிள் வைக்கிற இடத்துக்கு மேலே குனிஞ்சு நான் விட்ட மூச்சு. கார்பன் டை ஆக்சைடு!

உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க ஆசைன்னா காலேஜ் மெஷினைப் பிரிக்காதீங்க, நாமளே ஒண்ணு செய்யலாம். அட்டைப் பெட்டி, மெல்லிசான ஒரு பிளவு, பழைய டிவிடி துண்டு, போதும். டிவிடில தடங்களுக்கு நடுவுல இடைவெளி 0.74 மைக்ரான், அது வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிக்கிற கிரேட்டிங் மாதிரி வேலை செய்யும். மெழுகுவத்தியைப் பார்த்தா நிறம் விடாம தொடர்ந்து வரும், பழைய சிஎஃப்எல் பல்பைப் பார்த்தா தனித்தனிக் கோடா வரும், பச்சையில பளிச்சுன்னு நிக்கிறது மெர்க்குரியோட 546 நானோமீட்டர் கோடு. சூரியனை மட்டும் பார்த்துடாதீங்க. புன்சனும் கிர்ச்சாஃபும் 1860-ல சீசியத்தையும் அடுத்த வருஷம் ருபிடியத்தையும் பிடிச்ச ஸ்பெக்ட்ரோஸ்கோப்பே ஒரு சுருட்டுப் பெட்டி, ஒரு ப்ரிசம், பழைய டெலஸ்கோப் துண்டுகளை வச்சு ஒப்பேத்தினதுதான்.

கேள்வி: பி.எச். மீட்டர் எலெக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டர்ல போட்டு வைக்கணும்னு சீனியர் சொல்றார், சரியா?

பதில்: இல்ல. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடுல வைங்க, வெறும் தண்ணியில கிடந்தா உள்ளே இருக்கிற அயனிகள் வெளியே கசிஞ்சு எலெக்ட்ரோட் மந்தமாயிடும். கூடவே மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாத்திட்டு பஃபர்ல (பி.எச். முன்னாடியே தெரிஞ்ச கரைசல்) முக்கிப் பாருங்க. பி.எச். 7-ல பூஜ்யத்துக்குப் பக்கம் இருக்கும், 4-ல 25 டிகிரியில ஏறக்குறைய 177 இருக்கணும், ஒரு பி.எச்.சுக்கு 59 மில்லிவோல்ட் கணக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் 150-தான் வருதுன்னா காலிப்ரேஷன் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் பிரயோஜனம் இல்ல, எலெக்ட்ரோடைக் கழுவுங்க, தேறலைன்னா மாத்துங்க.

கேள்வி: நான் டீச்சர். 40 பசங்க, ஒரே மெஷின். ஆளுக்கு ரெண்டு நிமிஷம்கூடக் கிடைக்கல, என்ன பண்றது?

பதில்: தொடுற நேரத்தைக் கூட்ட முடியாது சார், தொடுறதுக்கு முன்னாடி இருக்கிற நேரத்தை யூஸ் பண்ணுங்க. பட்டன் அமுக்குறதுக்கு முன்னாடி "என்ன நம்பர் வரும்?"னு ஒவ்வொருத்தரும் நோட்டுல எழுதணும், எழுதாதவங்களுக்கு மெஷின் கிடையாது. காத்துக்கிட்டு இருக்கிற பேட்ச்சுக்குப் பழைய சொதப்பல் கிராஃபுகளைக் குடுங்க, இதுல என்ன தப்பு நடந்திருக்கும்னு அவங்களே துப்பறியட்டும், உங்க அலமாரியில கட்டுக்கட்டா இருக்குமே. இன்னொரு குரூப்பைத் தராசுக்கு அனுப்புங்க, சூடான க்ரூசிபிளை (சூடு தாங்கற சின்னக் கிண்ணம்) எடை போட்டுட்டு ஆறினப்புறம் மறுபடி போடச் சொல்லுங்க. சூடா இருக்கும்போது எடை கம்மியாக் காட்டும், காரணத்தை நீங்க சொல்லாதீங்க, அடுத்த வாரம் வரைக்கும் அடிச்சுக்கட்டும். சுத்தி இருக்கிற காத்து சூடாகி மேலே போகும்போது க்ரூசிபிளையும் கொஞ்சம் தூக்கிவிடுதுன்னு யாராவது ஒருத்தர் கண்டிப்பா வந்து சொல்வாங்க, அவங்ககிட்ட முதல்ல மெஷினைக் குடுங்க.