தெளிந்த அப்பா ராத்திரி ஏன் மறுபடி மயங்கினார்?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டதை மறந்து இன்னொரு தரம் போட்டுவிட்டார். பதினோரு மணிக்கு வியர்த்துக் கொட்டி உளறினார். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி, தெளிந்ததும் ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். ராத்திரி மறுபடி மயங்கிவிட்டார். மாத்திரை போலியா? சீட்டை இணைத்திருக்கிறேன். – வாசகர், குடியாத்தம்

பதில்: போலியாக இருந்தால் இவ்வளவு வேலை செய்யாது. சீட்டில் இருப்பது கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை. இதில் கிளிமிபிரைடு கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கும். ஏற்றிய குளுக்கோஸ் சீக்கிரம் கரைந்துவிடும். மாத்திரையின் வேகம் ஒரு நாள் முழுக்க இருக்கும். சிறுநீரகம் மந்தமான பெரியவர்களுக்கு இரண்டு மூன்று நாள்கூட இழுக்கும். அதனால்தான் குறைந்தது 24 மணி நேரம் படுக்க வைத்து, விடாமல் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். கண் திறந்ததும் பில் போட்டு அனுப்புகிறவர்களை என்ன சொல்வது!

இன்னொரு தரம் நடந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். "அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில கூட்டமா இருக்கும், எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு" என்று வண்டியைத் திருப்பும் ஆட்களை நம்பாதீர்கள். அவர்களுக்குக் கமிஷன், உங்களுக்குப் போவது நேரம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரையோ மிட்டாயோ உடனே கை கொடுக்காது. அந்தச் சர்க்கரையைக் குடல் உடைக்கவிடாமல் தடுப்பதுதான் வோக்லிபோஸின் வேலையே. மெடிக்கலில் விற்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். அந்தப் பவுடரில் மூன்று டீஸ்பூன் எடுத்து, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்தும் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும். பாக்கெட்டில் குளுக்கோஸ் என்று போட்டிருந்தாலும் பின்பக்கம் படியுங்கள், சிலவற்றில் சர்க்கரையும் கலந்திருக்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும்.

அப்புறம், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். அரசு கொடுத்தது ஒன்று, தனியாரில் எழுதியது ஒன்று என்று பெயர் வேறு, மருந்து ஒன்றாக இருக்கும். பிராண்டு பெயரைக் கிறுக்கித் தருகிற டாக்டர்களான நாங்களும் இதற்குப் பொறுப்புதான். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் இந்த மாத்திரையைத் தொடர வேண்டாம். இந்த வயதில் இதைவிடப் பத்திரமான மாத்திரைகள் இருக்கின்றன. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.