'சென்ஷர்' என்றால் பதவி போய்விட்டதா?

வணக்கம் ஐயா. காவடிக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்ததற்காக உங்களை 'சென்ஷர்' செய்ததாக சாட்ஸ்வொர்த் கோயில் கமிட்டியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பொருளாளர் பதவி போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சொல்லால் மட்டும் பதவி போகாது. நீங்கள் செய்தது சரியில்லை என்று சபை கூடித் தீர்மானம் போட்டுப் பதிவு செய்வதுதான் சென்ஷர். கண்டனத் தீர்மானம் எனலாம். அமெரிக்க செனட் 1834-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனை இப்படித்தான் கண்டித்தது. அவர் பதவிக்காலம் முடியும்வரை இருந்தார்; 1837-ல் அதே செனட் அந்தத் தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்து அடித்தும்விட்டது.

சினிமா சென்சாரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வெட்டுவது, தடுப்பது. உங்கள் வாயை யாரும் கட்டவில்லை! எழுத்தைப் பாருங்கள்: கடைசியில் யு, ஆர், இ வந்தால் கண்டனம், ஓ, ஆர் வந்தால் தணிக்கை. வேர் ஒன்றுதான். பழைய ரோமில் சென்சார் என்ற அதிகாரி மக்கள்தொகையும் எடுப்பார், ஒழுக்கத்தையும் கண்காணிப்பார்.

அப்புறம், அம்மா திட்டுவதற்கெல்லாம் இந்தச் சொல்லைப் போடமாட்டார்கள். இது கமிட்டி மொழி. கோயில் விதிகளில் கண்டனத்துக்குப் பின் வேறு நடவடிக்கை உண்டா என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.