அம்மானை ஆடும் கையும் கும்பிடும் கையும்: கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தேவாரமும் திருவாசகமும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பக்தியோடு வாழ்கிறவர்களுக்கு விளையாட்டும் சந்தோஷமும் தகுமா என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். அவற்றில் சில இங்கே.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பிரதோஷத்துக்குக் கூப்பிட்டால் கிரிக்கெட் ஆடப் போகணும் என்கிறான். விளையாட்டுப் புத்தி பக்திக்கு ஆகாதில்லையா, அம்மா?

ஆகாது என்று மாணிக்கவாசகர் நினைக்கவில்லை. திருவாசகத்தின் 51 பதிகங்களில் ஏழாவதிலிருந்து பதினாறாவது வரை எடுத்துப் பாருங்கள். அம்மானை, சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், பொன்னூசல் என்று பெரும்பாலும் பெண்பிள்ளைகளின் விளையாட்டுப் பெயர்களாகவே வரும். காயை மேலே வீசிப் பிடித்துக்கொண்டே பாடுவது அம்மானை. பூப்பறித்துக்கொண்டே பாடுவது பூவல்லி. ஊசலாடிக்கொண்டே பாடுவது பொன்னூசல். பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர், பெரிய படிப்பாளி. அவருக்குத் தெரியாத யாப்பா? ஆனாலும் தெருவில் பிள்ளைகள் எந்த மெட்டில் ஆடினார்களோ அதே மெட்டில் சிவனைப் பாட உட்கார்ந்தார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு வா என்று அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஆடுகிற இடத்துக்குப் பாட்டைக் கொண்டுபோனார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சாழல். இரண்டு பெண்கள் ஆடுகிறார்கள். ஒருத்தி சிவனைச் சீண்டுகிறாள், மற்றவள் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்கிறாள். “கோயில் சுடுகாடு, கொல்புலித்தோல் நல்லாடை, தாயுமிலி தந்தையிலி தான்தனியன் காணேடீ” என்று முதல் பெண் மடக்குகிறாள். சுடுகாட்டில் குடியிருப்பு, புலித்தோல் துணி, அப்பா அம்மாவும் கிடையாது, இவனெல்லாம் ஒரு கடவுளா? அடுத்தவள் சொல்கிறாள்: ஆமாம், தனியன்தான், ஆனால் அவன் சினந்தால் உலகம் எல்லாம் கற்பொடி! இப்படி 20 பாட்டு. சாமியைக் கேலி செய்கிற கேள்வியும் திருமுறைக்குள்ளேயே இருக்கிறது, பாருங்கள்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். பிரதோஷ நேரமும் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுகிற நேரமும் ஒன்றாக இருப்பதுதான் அங்கே சிக்கல். ஆடி முடித்துக் குளித்துவிட்டுப் பள்ளியறைப் பூசைக்கு வரட்டும். இழுத்துக்கொண்டு போனால் கோயில் என்றாலே கிரிக்கெட்டைப் பறித்த இடம் என்றுதான் அவனுக்கு நினைவிருக்கும்.

கேள்வி: நோன்பு, விரதம் எல்லாம் ஆசையை அடக்கத்தானே? அப்புறம் எங்கே அனுபவிப்பது?

திருப்பாவையின் இரண்டாம் பாட்டையும் 27ஆம் பாட்டையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டாவதில் “நெய்யுண்ணோம் பாலுண்ணோம்”. மை இல்லை, பூ இல்லை. 27இல் சூடகம், தோள்வளை, தோடு எல்லாம் வந்துவிடுகின்றன. புத்தாடை உடுத்தி, “மூட நெய்பெய்து முழங்கை வழிவார” பாற்சோறு, அதுவும் எல்லோரும் கூடியிருந்து. வேண்டாம் என்று விட்ட அதே நெய்தான் முழங்கை வழியாக ஒழுகுகிறது. நெய் கெட்டது என்று ஆண்டாள் எங்கும் சொல்லவில்லை. கண்ணனுக்காக வைத்த நெய்யை அவனோடு சேர்ந்து உண்ணக் காத்திருந்தாள் என்றுதான் நான் படிக்கிறேன்.

கேள்வி: மூர்க்க நாயனார் சூதாடித்தானே அடியாருக்குச் சோறு போட்டார்? நான் செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆடினால் மட்டும் தப்பா?

தம்பி, தப்புதான். மூர்க்க நாயனார் தம் சொத்து முழுவதையும் விற்று அடியாருக்கு அமுது படைத்து முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் தெரிந்த ஆட்டத்துக்குப் போனவர். ஜெயித்த காசைத் தம் கையால் தொடவில்லை. எல்லோரும் உண்டபின் கடைசியில்தான் உண்டார். நீங்கள் ஆடும் காசு வீட்டுக்காரியின் மளிகைக் காசாக இருந்தால் அதற்கு நாயனாரைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் தவறி எட்டு மாதம் ஆகிறது. நேற்று பேரன் செய்த சேட்டையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் இரவெல்லாம் மனசு உறுத்தியது. பாவமா?

பாவம் இல்லை, அம்மா. வருஷம் திரும்பும்வரை பண்டிகை கொண்டாடாமல் இருப்பது நம் வழக்கம். அதை நீங்கள் காப்பாற்றித்தான் வருகிறீர்கள். குழந்தை சிரிக்க வைத்தால் சிரிக்கக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை.

அப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். சிறு வயதிலேயே தாய் தகப்பன் போனார்கள். அக்காவுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை போரில் போனார். பின்னாளில் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள். அங்கே இருந்து பாடியதாகச் சொல்லும் பாட்டு எது தெரியுமா? “மாசில் வீணையும் மாலை மதியமும் வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்.” வீணை, நிலா, தென்றல், வண்டு மொய்க்கிற குளம். இறைவன் திருவடி நிழல் இவற்றைப் போல இருக்கிறது என்கிறார். இதையெல்லாம் ரசிக்காத ஒருவருக்கு, வெந்துகொண்டிருக்கும்போது இவை நினைவுக்கு வருமா? இன்று சாயங்காலம் பேரனை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: கோயில் பிரகாரத்தில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். தியானம் கலைகிறது. கண்டிக்கலாமா?

கருவறைக்கு எதிரே என்றால் மெதுவாகச் சொல்லுங்கள். வெளிப்பிரகாரத்தில் விட்டுவிடுங்கள், ஐயா. திருவண்ணாமலையில் தை மாதம் சாமியும் அம்மனும் ஊடல் கொள்கிறார்கள், அதற்கென்று திருவூடல் தெருவே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று, உறையூர் நாச்சியாரைப் பார்க்கப் போய்வந்த பெருமாளுக்குத் தாயார் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். நம் கோயில்களில் சாமியே விளையாடுகிறது.

கேள்வி: சாழலை இன்றைய பிள்ளைகள் ஆட முடியுமா?

தாராளமாக. நாங்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்போம். ஒரு வரிசை கேள்வியைக் கைதட்டிப் பாடும், மற்றது பதிலைப் பாடும். “சாழலோ” என்று முடியும்போது இரண்டு வரிசையும் சேர்ந்து தட்டும். 20 பாட்டும் வேண்டாம், நான்கு போதும். போன மாதம் ஆறு வயதுப் பெண் ஒருத்தி, பாட்டில் இல்லாத கேள்வி ஒன்றைத் தானாகவே போட்டாள்: “பாம்புக்கு யாரு பால் வாங்கித் தருவாங்க?” எதிர்வரிசை இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறது.