தடுப்பூசி என் விருப்பம், விசா யார் விருப்பம்?

கொரோனா ஊசி போடாதவர்கள், ஒரு தவணையோடு நிறுத்தியவர்கள், சான்றிதழில் பெயர் குழம்பிப்போனவர்கள் என்று பலரும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்கும் பயணத்துக்கும் தொடர்புள்ள கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

நான் கொரோனா தடுப்பூசி ஒன்றுகூடப் போடவில்லை. யோசித்து எடுத்த முடிவுதான். புதிதாகச் சேரப்போகும் நிறுவனம் கொடுத்த ஆவணப் பட்டியலில் இரண்டு தவணைச் சான்றிதழும் இருக்கிறது. இல்லையென்றால் வேலையை மறுக்க முடியுமா?
— கோவை வாசகர்

பெரும்பாலும் அது 2021-இல் தயாரித்த பட்டியல். யாரும் திருத்தாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் வேலை, சண்டை போடுவதல்ல. ஹெச்.ஆர். பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இந்தச் சான்றிதழ் இப்போதும் கட்டாயமா? எந்த விதியின்படி? மாற்று வழி உண்டா?" வாய்ப்பேச்சில் கேட்காதீர்கள். பாதிப் பேருக்கு இந்த மின்னஞ்சலோடு விஷயம் முடிந்துவிடும்.

சட்டநிலை இது. தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடர்ந்த வழக்கில், 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றது. உடல் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்குள் வருகிறது. அதே தீர்ப்பு, சமுதாய நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சட்ட அடிப்படை வேண்டும், தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. கட்டாயத்தை ஆதரித்து வாதாடிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஊசி போடாதவர்கள்தான் அதிகமாகத் தொற்றைப் பரப்புகிறார்கள் என்று காட்டும் தரவை அரசுகள் முன்வைக்கவில்லை. எனவே தொற்று குறைவாக இருக்கும்வரை, ஊசி போடாதவர்கள் மீதான கட்டுப்பாடுகள் அளவுக்கு மீறியவை என்றது நீதிமன்றம்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இனிமேல்தான். தனியார் நிறுவனங்களும் கல்வி நிலையங்களும் தங்கள் உத்தரவுகளை மறுபரிசீலனை செய்யலாம் என்பது நீதிமன்றத்தின் யோசனை மட்டுமே. தனியார் முதலாளியைக் கட்டிப்போடும் தடையுத்தரவு அல்ல. அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசுக்கு எதிரானவை. வேலை ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திட்ட வரிதான் தனியாரிடம் முன்னால் நிற்கும். அதனால் கையெழுத்துக்கு முன்பே, "நிறுவனத்தின் உடல்நலக் கொள்கைகளுக்குக் கட்டுப்படுகிறேன்" என்ற வரி இருக்கிறதா, அந்தக் கொள்கையின் நகல் கிடைக்குமா என்று பாருங்கள்.

மருத்துவமனை வேலை என்றால் கணக்கு வேறு. அங்கே ஹெபடைடிஸ்-பி ஊசியைத்தான் கறாராகக் கேட்பார்கள். 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை. எதிர்ப்பாற்றல் 10 அலகுக்கு மேல் இருக்க வேண்டும். ஆறு மாதம் ஆகும் விஷயம் என்பதால், பணி நியமனக் கடிதம் வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

கோவின் சான்றிதழில் பெயர் "முருகன் ஆர்". பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் முழுதாக இருக்கிறது. அதோடு, இரண்டு ஊசி போட்டும் இரண்டு "முதல் தவணை" சான்றிதழ்கள் காட்டுகின்றன!
— திண்டுக்கல் வாசகர்

இரண்டாவது கோளாறு முகாமில் நடந்தது. முதல் ஊசிக்கு உங்கள் கைபேசி எண்ணையும், இரண்டாவதற்கு வீட்டில் வேறொருவர் எண்ணையும் கொடுத்திருப்பீர்கள். கணினி உங்களை இரண்டு மனிதர்களாக எண்ணிவிட்டது. கொரோனா ஊசிப் பதிவுக்கான அரசு இணையதளமான கோவினில், உங்கள் கணக்கில் ஓ.டி.பி. கொடுத்து நுழைந்தால், குறையைத் தெரிவிக்கும் பகுதியில் இரண்டு முதல் தவணைச் சான்றிதழ்களை ஒன்றாக்கும் தேர்வும், வேறு எண்ணில் பதிவானவரை உங்கள் எண்ணுக்கு மாற்றும் தேர்வும் உண்டு.

வரிசை முக்கியம். முதலில் எண் மாற்றம், பிறகு இணைப்பு, அதன்பின் பெயர்த் திருத்தம், கடைசியாக பாஸ்போர்ட் எண் சேர்ப்பு. பெயர்த் திருத்தத்துக்கு ஒரே வாய்ப்புதான் தருகிறார்கள். அவசரத்தில் எழுத்துப்பிழையோடு அனுப்பினால் மாட்டிக்கொள்வீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடியுங்கள். வெளிநாட்டுப் பயணச் சான்றிதழைத் தனியாகத் தரவிறக்க வேண்டும். முழுப் பிறந்த தேதி அதில்தான் வரும். உள்நாட்டுச் சான்றிதழை நீட்டினால் செல்லாது.

பயணத்துக்காக மட்டும் என்றால் பதற்றம் வேண்டாம். பிரிட்டன் 2022 மார்ச் 18-இலும், சிங்கப்பூர் 2023 பிப்ரவரி 13-இலும், அமெரிக்கா 2023 மே மாதத்திலும் பயணிகளுக்கான கொரோனா ஊசிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டன.

அப்பாவுக்கு 63 வயது. கென்யாவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறார். தடுப்பூசி என்றாலே அவருக்குப் பிடிக்காது. மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தவிர்க்க முடியுமா?
— நாகர்கோவில் வாசகி

கொரோனா ஊசியில் இருந்த இழுபறி இதில் இல்லை. சர்வதேச சுகாதார விதிகளின்படி நாடுகள் கேட்கக்கூடிய சான்றிதழ் இது.

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. அதனால் இங்கிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா பொதுவாகக் கேட்பதில்லை. சிக்கல் திரும்பும்போதுதான். நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் ஏராளம். நோய் மட்டும்தான் வரவில்லை. ஆகவே நோயுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கும் கென்யாவிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால், விமான நிலையச் சுகாதார அதிகாரிகள் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். "போகும்போது யாரும் கேட்கவில்லையே" என்று அங்கே வாதாடிப் பயனில்லை. கானா, உகாண்டா, அங்கோலா போன்றவை உள்ளே வரும்போதே எல்லோரிடமும் கேட்கும்.

ஊசி ஒரே தவணை, 0.5 மில்லி. 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். 9-ஆம் நாள் விமானம் ஏறினால் ஊசி போடாதவர் கணக்குதான். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். பழைய அட்டையில் 10 ஆண்டு என்று எழுதியிருந்தாலும் மறுபடி போட வேண்டாம்.

எல்லா மருத்துவமனையிலும் இது கிடையாது. சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கரைத்தால் 6 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாளில், முன்பதிவோடு, ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே நாள் வாங்குங்கள்.

உங்கள் அப்பா விஷயத்தில் விருப்பத்தைவிட வயதுதான் பேச வேண்டியது. இது உயிருள்ள வைரஸ் ஊசி. 60 வயதைத் தாண்டி முதன்முறை போடுகிறவர்களுக்கு உள்ளுறுப்புகளையும் நரம்பையும் தாக்கும் கடுமையான விளைவு அரிதாக வரலாம். இளையவர்களைவிட வாய்ப்பு கூடுதல். கடுமையான முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பி நோய், ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து, எதிர்ப்பாற்றல் குறைவு இவற்றில் ஏதேனும் இருந்தால் போடவே கூடாது. மருத்துவரிடம் முழுப் பட்டியலையும் சொல்லுங்கள். கூடாது என்று அவர் முடிவு செய்தால், விலக்குக் கடிதம் ஊசி போடும் மையத்தின் முத்திரையோடு, மஞ்சள் அட்டை எனப்படும் சர்வதேசத் தடுப்பூசிச் சான்றிதழில் பதிவாக வேண்டும். குடும்ப டாக்டரின் லெட்டர்பேடு மட்டும் போதாது. விலக்கை ஏற்பதும் மறுப்பதும் இறங்கும் நாட்டின் உரிமை.

2022 ஜனவரியில், கொரோனா ஊசி போடாத டென்னிஸ் வீரர் ஜோகோவிச்சுக்கு மெல்பர்னில் நடந்ததும் இதுதான். போட்டி அமைப்பு மருத்துவ விலக்கு கொடுத்தது. எல்லை அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. கடைசியில் நாடு கடத்தப்பட்டார். விளையாட அனுமதி கொடுப்பவர் வேறு, விசா கொடுப்பவர் வேறு.

அட்டை கையில் வந்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், மருந்து தயாரிப்பாளர், தொகுதி எண், மருத்துவரின் கையெழுத்து, மையத்தின் முத்திரை. தேதியில் மாதம் எழுத்தில் இருக்க வேண்டும். அடித்துத் திருத்திய அட்டையை நிராகரிக்கலாம்.

பணம் கொடுத்தால் ஊசி போடாமலே மஞ்சள் அட்டை தருகிறார்கள். வாங்கலாமா?
— பெயர் வேண்டாம் என்கிறார் சென்னை வாசகர்

வாங்காதீர்கள். போலி ஆவணம் என்ற குற்றம் விற்றவர் தலையில் மட்டுமல்ல, உங்கள் தலையிலும் விழும். அட்டை உண்மையா என்று அதிகாரி சந்தேகப்பட்டாலே பயணம் முடிந்தது: 2012 மார்ச்சில் தென்னாப்பிரிக்கா, அட்டை சரியில்லை என்று சொல்லி 125 நைஜீரியர்களை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து திருப்பி அனுப்பியது. அந்த விவகாரத்தில் பிறகு தென்னாப்பிரிக்காவே மன்னிப்புக் கேட்டது என்பது வேறு கதை.

அமெரிக்க கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். கொரோனா ஊசியில் மட்டும் எனக்கு மனசாட்சிப்படி உடன்பாடில்லை. விலக்கு கேட்கலாமா?
— திருச்சி வாசகி

அந்தக் கவலையே இப்போது தேவையில்லை. 2021 அக்டோபரில் சேர்த்த கொரோனா ஊசியை 2025 தொடக்கத்தில் கிரீன் கார்டுக்கான கட்டாயத் தடுப்பூசிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் தட்டம்மை–பொன்னுக்கு வீங்கி–ரூபெல்லா, சின்னம்மை, டெட்டனஸ், ஹெபடைடிஸ்-பி போன்றவை வயதுக்கு ஏற்ப அப்படியே இருக்கின்றன. மத, மனசாட்சி விலக்குக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு: எல்லாத் தடுப்பூசிகளையும் எதிர்ப்பவராக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வேண்டாம் என்பது அங்கே எடுபடாது. சின்னம்மை ஏற்கெனவே வந்திருந்தால் சொல்லுங்கள், அந்த ஊசி தேவைப்படாமல் போகலாம். குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டை இருந்தால் மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் மறுபடி போடச் சொல்வார்கள், செலவும் கூடும்.

2021-இல் கோவிஷீல்டு போட்டேன். ரத்தம் உறைவது பற்றிய செய்திக்குப் பிறகு தூக்கமில்லை. டி-டைமர் டெஸ்ட் எடுக்கவா?
— மதுரை வாசகர்

வேண்டாம். ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் அந்த அரிய கோளாறு, ஊசி போட்ட 4 முதல் 42 நாளுக்குள் வருவது. ஆண்டுகள் கழித்து வருவதில்லை. டி-டைமர், உடலில் ரத்தம் உறைவதற்கான தடயத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. அது சளி, காய்ச்சல், வீக்கம், வயது என்று எதற்கும் ஏறும். ஏறினால் இன்னொரு டெஸ்ட், அதற்கு ஒரு ஸ்கேன் என்று போய்க்கொண்டே இருக்கும். ஊசி போட்ட காலத்தில் உண்மையிலேயே அந்தக் கோளாறு வந்து சிகிச்சை பெற்றவர் என்றால், டிஸ்சார்ஜ் சம்மரியையும் தட்டணு எண்ணிக்கை அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். அதே வகை ஊசியை இனிப் போடாமலிருக்க அதுதான் ஆதாரம்.

உம்ரா போகும் பெற்றோருக்கு என்ன ஊசி?
— மேலப்பாளையம் வாசகர்

நான்கு வகைக் கிருமிகளுக்கான மூளைக்காய்ச்சல் ஊசி. போய் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும். கான்ஜுகேட் வகை என்றால் 5 ஆண்டு செல்லும், பாலிசாக்கரைடு என்றால் 3 ஆண்டுதான். எந்த வகை என்பது சான்றிதழில் எழுதப்படாமல் விட்டுப்போவதுண்டு. எழுதச் சொல்லி வாங்குங்கள்.