சீமாறு, நூல் கோன், கழித்துப் போட்ட கண்ணாடி: சூரியக் கண்ணாடிக் கேள்வி-பதில்

நடுவில் ஒரு கண்ணாடி, சுற்றிலும் சூரியக் கதிர் மாதிரி குச்சிகள்: இப்படிச் சுவரில் மாட்டுகிற சூரியக்கதிர்க் கண்ணாடியைக் கழிவுச் சாமானிலிருந்து செய்வது பற்றிப் போன தடவை எழுதியதற்கு ஏகப்பட்ட கடிதங்கள். பாதிப் பேர் கறுப்புப் புள்ளியைத்தான் கேட்கிறார்கள், அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பல்லடம் வாசகி: கண்ணாடி ஒட்டி ரெண்டு மாசம்கூட ஆகலைங்க, ஓரமெல்லாம் கறுப்பா அரிச்சுக்கிட்டு வருது. கண்ணாடி மட்டமானதா?

கண்ணாடி மேல் பழி போடாதீர்கள். ஒட்டுவதற்குச் சிலிக்கான் பசை ட்யூபைத் திறந்தபோது வினிகர் வாடை அடித்ததா? அடித்திருக்கும். அந்த வகை காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும், அது பின்பக்கப் பெயின்ட்டைத் தாண்டிப் போய் வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். கடையில் 'நியூட்ரல்' சிலிக்கான் என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். அரித்தது அரித்ததுதான், திரும்பாது, மேலே ஒரு அட்டை வளையம் ஒட்டி மறைத்துவிடுங்கள். இனிமேல் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். கண்ணாடியிலேயே அடித்தால் வழிந்து ஓரத்தில் இறங்கி அதே வேலையைச் செய்யும்.

பொள்ளாச்சி: எங்க தோப்பு ஈர்க்குச்சிய வெச்சு செஞ்சேன், பத்து நாள்ல குச்சியெல்லாம் ஆளுக்கொரு பக்கம் வளைஞ்சிருச்சு.

பச்சை ஈர்க்கு. சீவின கையோடு ஒட்டினால் அப்படித்தான் ஆகும். கட்டாகக் கட்டி, மேலே பலகை வைத்து, நிழலில் ஒரு வாரம் பத்து நாள் போட்டு வையுங்கள். தடித்த முனை உள்ளே, மெல்லிய முனை வெளியே. வார்னிஷ் அடிப்பதானால் சுற்றி எல்லாப் பக்கமும் அடிக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மழைக்காலத்து ஈரத்தில் மறுபடி வளையும்.

பெயரும் ஊரும் இல்லாத ஒருவர்: எத்தனை குச்சி வேணும்?

எதற்கு? கண்ணாடி எத்தனை அங்குலம், குச்சி எவ்வளவு தடிமன், ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? பொதுவாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நூல் கட்டி வட்டம் போட்ட அதே நூல் அளவை, அதாவது ஆரத்தை, மாற்றாமல் விளிம்பில் வைத்து வைத்துக் குறித்தால் ஆறு புள்ளி வரும். ஒவ்வொரு இடைவெளியையும் இரண்டாகப் பிரித்தால் 12, மறுபடி பிரித்தால் 24. இந்த 24 இடத்திலும் நீளக் கதிரை முதலில் ஒட்டிவிட்டு இடைவெளியைக் குட்டைக் கதிரால் நிரப்புங்கள். கண் மதிப்பில் ஒரு பக்கமிருந்து ஒட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்றரைக் குச்சிக்கு இடம் மிஞ்சி நிற்கும்.

கோவை, சரவணம்பட்டி: நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன், 1,800 ரூபாய் ஆயிருச்சு. இந்த விலைக்கு ரெடிமேடே கிடைக்குதே, இதுல என்ன மிச்சம்?

கூடவே பில்லையும் அனுப்பியிருக்கிறார், அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. புதுச் சீமாறு மூன்று, பார்பிக்யூ குச்சி நாலு பாக்கெட், ஆன்லைனில் வட்டக் கண்ணாடி, தங்க ஸ்பிரே மூன்று டப்பா, போதாததற்கு க்ளூ கன். அம்மணி, இதில் ஒன்றாவது நான் சொன்னதா? கழிவிலிருந்து செய்வது என்று பேர் வைத்துக்கொண்டு புதுச் சாமானை வாங்கிக் குப்பையாக்குகிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, வீடியோவைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் இதையே செய்கிறார்கள். நாம் இருப்பது கொங்கு நாட்டில். திருப்பூரில் நூல் தீர்ந்த காகிதக் கோன் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போகிறது. சோமனூர் பக்கம் ஓட்டத்தை நிறுத்திய தறிக்குடோனில் தார்க்குச்சி (ஊடை நூல் சுற்றுகிற குச்சி) சாக்கு சாக்காகக் கிடக்கும். தேய்ந்த சீமாறு எந்த வீட்டில் இல்லை? கண்ணாடிக் கடையில் வெட்டு போக மிஞ்சிய துண்டை அவர்களே ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள், கேட்டால் சொற்பக் காசுக்குக் கொடுப்பார்கள். சதுரமாக இருந்தால் என்ன? வட்ட ஓட்டை போட்ட அட்டையை மேலே வைத்தால் நான்கு மூலையும் மறைந்துவிடும், வட்டமாக வெட்டும் கூலியும் மிச்சம். பெயின்ட், வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சியதே போதும். காசு போட வேண்டிய இடம் இரண்டே இரண்டு: பசை, ஆணி. நீங்கள் அந்த இரண்டிலும்தான் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள், பில்லில் ஆணியே இல்லை. க்ளூ கன் பசை சூட்டில் இளகும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கதிர் ஒவ்வொன்றாக உதிரும்போது மறுபடி எழுதுவீர்கள்.

அவிநாசி: காகிதக் கோனை வெட்டாம அப்படியே ஒட்ட முடியுமாங்க?

தாராளமாக, எனக்குப் பிடித்ததே அதுதான். கோனே சரிவாக இருப்பதால் மெல்லிய முனையை உள்ளே வைத்து ஒன்றையொன்று ஒட்டி அடுக்கினால் வட்டம் தானாகவே வந்துவிடும். ஒரு பக்கம் 5 டிகிரி 57 நிமிடச் (60 நிமிடம் ஒரு டிகிரி) சரிவுள்ள கோன் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 12 டிகிரி, 30 கோனில் வட்டம் மூடும். நடுவில் ஏறக்குறைய ஒரு அடி இடம், வெளிவிட்டம் இரண்டடிக்குக் கொஞ்சம் மேலே. 4 டிகிரி 20 நிமிடக் கோன் என்றால் 40-க்கு மேல் பிடிக்கும், நடு வட்டமும் பெரிதாகும். இரண்டையும் கலந்து அடுக்கினால் கோணல்மாணலாகப் போகும், ஒரே வகையாகப் பொறுக்குங்கள். பின்னால் பிளைவுட் துண்டு, மரம் ஒட்டும் பசை. நடுக் கண்ணாடிக்கு மட்டும் நியூட்ரல் சிலிக்கான், மறக்க வேண்டாம்.

தாராபுரம்: பழைய வீட்டு ஆசாரத்துல (கூடத்துல) சுண்ணாம்புச் சுவர். இரட்டைப் பக்க டேப் தாங்குமா?

தாங்காது. 4 மி.மீ. கண்ணாடி சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, பலகையும் கதிரும் சேர்ந்தால் மூன்று கிலோ. டேப் நன்றாகவே பிடிக்கும், சுண்ணாம்புதான் பொருக்கோடு பெயர்ந்து வரும். துளை போட்டு மரக்கட்டை அடித்து அதில் ஸ்குரூ முடுக்குங்கள். கம்பியைப் பலகையில் கட்ட வேண்டும், கதிரில் கட்டக் கூடாது.

கரூர்: தெர்மாகோல்ல கதிர் வெட்டி ஸ்பிரே அடிக்கலாமா?

கரைந்துவிடும். தண்ணீரில் கலக்குகிற பெயின்ட்டைத் தூரிகையால் அடியுங்கள்.

சென்னிமலை: தங்கப் பெயின்ட் அடிச்சது ஒரு வருஷத்துல மங்கிப் பச்சையா ஆயிருச்சு.

அது பித்தளைத் தூள் கலந்த பெயின்ட். அதில் தாமிரம் இருக்கிறது, காற்றும் ஈரமும் பட்டால் கறுக்கும், பச்சையும் கட்டும். மேலே தெளிவான லேக்கர் ஒரு கோட் அடித்திருந்தால் தாக்குப் பிடித்திருக்கும். தங்கத்தில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. சூரியனையே தன் சின்னமாக வைத்துக்கொண்ட பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயிக்கு அது பொருந்தும், நம் வீட்டுச் சுவருக்குச் செம்மண் நிறமே நன்றாக இருக்கும்.

சங்ககிரி: லாரிப் பட்டறையில வட்டமான சைடு கண்ணாடி கிடைக்குது, வீட்ல பழைய சவரக் கண்ணாடியும் இருக்கு. எதை வைக்கட்டும்?

லாரிக் கண்ணாடியை வையுங்கள். அது வெளிப்பக்கம் புடைத்தது, முழு அறையும் சின்னதாகத் தெரியும், சூரியக் கண்ணாடிக்கு அதுதான் அழகு. சவரக் கண்ணாடியில் முகத்தைப் பெரிதாகக் காட்டும் பக்கம் குழிந்திருக்கும், ஜன்னல் வெயில் அதில் பட்டால் ஒரே புள்ளியில் குவிந்து திரைச்சீலையைப் பற்றவைத்துவிடும். அதைக் குளியலறையிலேயே விட்டுவிடுங்கள்.