தப்பியோடிய மருத்துவர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஹாரிசன் ஃபோர்டு நடித்து 1993இல் வெளிவந்த ‘தி ஃபியூஜிடிவ்’ திரைப்படத்துக்கு மூலம் ஒரு பழைய தொலைக்காட்சித் தொடர் என்கிறார்கள். அது உண்மை வழக்கு ஒன்றைத் தழுவியதா?

பதில்: ராய் ஹக்கின்ஸ் உருவாக்கிய, அதே பெயர் கொண்ட அந்தத் தொடர், அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1963 முதல் 1967 வரை 120 பகுதிகளாக ஒளிபரப்பானது. செய்யாத கொலைக்காக, அதுவும் தம் மனைவியையே கொன்றதாக, மரண தண்டனை பெற்ற மருத்துவர் ரிச்சர்ட் கிம்பிள், தண்டனைக்கு அழைத்துச் செல்லப்படும் வழியில் ரயில் தடம் புரண்டதால் தப்பி, கொலை நடந்த இரவில் தாம் கண்ட ஒற்றைக்கை மனிதனைத் தேடி ஊர் ஊராக அலைவதே கதை. ஒஹாயோவில் 1954இல் மனைவியைக் கொன்றதாகச் சிறை சென்ற மருத்துவர் சாம் ஷெப்பர்டின் வழக்கைப் பலரும் இதற்கு மூலமாகக் கூறினாலும், ஹக்கின்ஸ் அதை மறுத்தே வந்தார். தொடர் ஓடிக்கொண்டிருந்த 1966இலேயே, பத்திரிகைகளின் பரபரப்பு விசாரணையின் நேர்மையைக் கெடுத்துவிட்டது என்று கூறி உச்ச நீதிமன்றம் ஷெப்பர்டின் தண்டனையை ரத்து செய்ததும், மறுவிசாரணையில் அவர் விடுதலையானதும் வரலாறு.

கேள்வி: ஒரே துரத்தலை நான்கு ஆண்டுகள் எப்படிச் சலிக்காமல் காட்ட முடிந்தது?

பதில்: ‘பிடிபடுவாரா’ என்ற கேள்வியை மட்டும் நம்பியிருந்தால் தொடர் ஓராண்டுகூடத் தாங்கியிருக்காது. பொய்ப்பெயரில் கூலி வேலை செய்து ஒளிந்து வாழும் கிம்பிளின் எதிரில் யாராவது அடிபட்டுக் கிடப்பார்கள்; மருத்துவராகக் கை கொடுத்தால் அடையாளம் வெளிப்படும், ஒதுங்கிப்போனால் உயிர் போகும். கிம்பிளாக நடித்த டேவிட் ஜான்சனின் தாழ்ந்த பார்வையும் தயங்கிய புன்னகையும் அந்தத் தத்தளிப்பை வசனமின்றியே உணர்த்திவிடும். அவரை விடாமல் துரத்தும் காவல் அதிகாரி ஜெரார்டை (பாரி மோர்ஸ்) வில்லன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீர்ப்பைச் சந்தேகிப்பது தம் வேலையன்று என்று உண்மையாகவே நம்பும் மனிதர் அவர். ‘ஏழை படும் பாடு’ படத்தில், சட்டமே எல்லாம் என்று நம்பிக் கதாநாயகனை விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்து அப்பெயரையே தம் பெயரின் முன் பெற்ற சீதாராமனை அறிந்தவர்களுக்கு, ஜெரார்டு புதியவராகத் தோன்றமாட்டார்.

கேள்வி: முடிவைச் சொல்லலாமா?

பதில்: தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இந்தப் பதிலை விட்டுவிடலாம். 1967 ஆகஸ்ட் 29 அன்று வந்த இறுதிப் பகுதியை, அந்நேரத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க வீடுகளில் 72 விழுக்காட்டினர் கண்டனர். ஒற்றைக்கை மனிதன் கிம்பிளிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். ஆனால் அதை வேறு யாரும் கேட்கவில்லை, அவனும் ஜெரார்டின் குண்டுக்கு இறந்துவிடுகிறான். கிம்பிளைக் காப்பாற்றுவது, கொலையை நேரில் பார்த்தும் தம் கோழைத்தனம் வெளிப்படுமே என்ற வெட்கத்தில் இத்தனை ஆண்டுகள் வாய் திறக்காதிருந்த ஓர் அண்டைவீட்டுக்காரரின் சாட்சி. கொலைகாரனின் குரூரத்தைவிட, மரியாதைக்குரிய அந்த மனிதரின் மௌனமே கிம்பிளை அதிகம் வதைத்தது என்று காட்டியதைத்தான் தொடரின் மிகத் துணிச்சலான முடிவாக நான் கருதுகிறேன். முதல் மூன்று ஆண்டுப் பகுதிகள் கறுப்பு வெள்ளையிலும், நான்காம் ஆண்டு வண்ணத்திலும் வந்தன. பார்க்க விரும்புவோர் கறுப்பு வெள்ளையிலிருந்தே தொடங்கலாம்.