தங்குமிட இணையதளத்தின் மெனுவும் படங்களும் திரைவாசிப்பானில் ஏன் குழம்புகின்றன?

இலங்கையின் எல்லவில் தங்குமிடம் நடத்தும் உங்கள் கேள்வி: திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) பயன்படுத்தும் விருந்தினருக்கு "அறைகள்" மெனு திறக்கவில்லை, படங்கள் கோப்புப் பெயராக ஒலிக்கின்றன.

மெனு பெரும்பாலும் 'டிவ்'களால் (div: தனிப் பொருளற்ற வெறும் பெட்டி) கட்டப்பட்டு, மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் திறக்கும். டேப் விசை அங்கே நிற்காது. 'நவ்' (nav: வழிகாட்டும் இணைப்புகளுக்கான பகுதி) உள்ளே பட்டியலாக இணைப்புகளை வையுங்கள். துணைமெனுவைத் திறக்க அசல் 'பட்டன்' (button) வேண்டும். அதன் 'ஏரியா-எக்ஸ்பாண்டட்' (aria-expanded: திறந்ததா மூடியதா என்று சொல்லும் பண்பு) திறக்கையில் 'ட்ரூ' (true), மூடுகையில் 'ஃபால்ஸ்' (false) என மாறவேண்டும். மூடிய துணைமெனுவை 'ஒப்பாசிட்டி' (opacity: கண்ணுக்கு மட்டும் மறைக்கும் அமைப்பு) கொண்டு மறைத்தால் இணைப்புகள் தொடர்ந்து வாசிக்கப்படும்; 'டிஸ்ப்ளே: நன்' (display: none) போடுங்கள். பலர் சேர்க்கும் 'ரோல்=மெனு' (role="menu") வேண்டவே வேண்டாம். அது அம்புக்குறி விசைகளை எதிர்பார்க்கவைக்கும். அதற்கான நிரலைப் பலர் எழுதுவதில்லை.

படத்தின் 'ஆல்ட்'டில் (alt: படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் உரை) "பாலம்" என்றால் போதாது. "தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடக்கும் ரயில்" என்று எழுதுங்கள். அலங்காரத் தேயிலைக் கொழுந்துக்கு 'ஆல்ட்' வெறுமையாக இருக்கட்டும், ஆனால் இருக்கவேண்டும். அடியோடு விட்டால்தான் கோப்புப் பெயர் வரும். படமே இணைப்பானால், போகுமிடத்தைச் சொல்லுங்கள்.

மும்மொழித் தளமா? மொழியைச் சொல்லும் 'லாங்' (lang) பண்பில் தமிழுக்கு 'டிஏ' (ta), சிங்களத்துக்கு 'எஸ்ஐ' (si). இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை உளறும், அல்லது தாண்டிப்போகும்.

சோதிக்க விண்டோஸில் இலவசத் திரைவாசிப்பான் என்விடிஏ (NVDA) போதும்: 'பி' (B) விசை பட்டனுக்கும் 'ஜி' (G) படத்துக்கும் தாவும். மவுஸைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.